பாதத்தின் வழி நுழையும் பகை: கொக்கிப்புழுவும் நம் உடல்நலமும்

ஒருவருக்குக் காய்ச்சல் இல்லை, வலியும் இல்லை. ஆனால் சோர்வு மட்டும் விட்டபாடில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. முகம் வெளுத்திருக்கிறது. செய்யும் வேலையில் மனம் ஊன்றவில்லை. இப்படிப்பட்டவரைப் பார்த்ததும் நம்மில் பலர் எளிதாகச் சொல்லிவிடும் சொல் ‘சோம்பேறி’ என்பதாகும். அவருடைய குடலில் நூறு புழுக்கள் இரவும் பகலும் இரத்தம் குடித்துக்கொண்டிருக்கலாம் என்ற எண்ணம் நமக்கு வருவதில்லை.

அந்தப் புழுதான் கொக்கிப்புழு. உலகில் இதனால் பாதிக்கப்பட்டோர் ஏறக்குறைய 44 கோடிப் பேர் என்று 2010ஆம் ஆண்டுக்கான ஒரு மதிப்பீடு கூறுகிறது. வெப்பமும் ஈரமும் வறுமையும் ஒன்றுசேரும் இடமெல்லாம் இதற்குத் தாயகம். நம் பாட்டன் பாட்டியர் வாழ்ந்த இரப்பர்த் தோட்டங்களும் அத்தகைய இடங்களாகவே இருந்தன. ஆகவே இக்கட்டுரையில் இந்நோயைப் பற்றிய மருத்துவச் செய்திகளோடு, நம் சமுதாயத்திற்கும் இதற்கும் உள்ள தொடர்பையும் காண்போம்.

பெயரும் வகையும்

ஆறாண்டு தமிழ்ப்பள்ளியிலும் பிறகு தேசிய இடைநிலைப்பள்ளியிலும் பயின்ற என்னைப் போன்றோருக்கு இப்புழு மலாய்மொழியில் ‘சாச்சிங் சங்குக்’ என்றே அறிமுகமானது. ‘சங்குக்’ என்றால் கொக்கி. அண்டைநாடான இந்தோனேசியாவில் இதனைச் ‘சாச்சிங் தம்பாங்’, அதாவது சுரங்கப்புழு என்கிறார்கள். இரண்டு பெயர்களும் பொருத்தமானவை. புழுவின் தலைப்பகுதி கொக்கி போல் வளைந்திருப்பது முதற்பெயருக்குக் காரணம். சுரங்கத் தொழிலாளர்களை இது வாட்டி வதைத்தது இரண்டாவதற்குக் காரணம்.

மனிதரின் குடலில் வாழும் கொக்கிப்புழுக்களில் முக்கியமானவை மூன்று. நெக்கேட்டர் அமெரிக்கானஸ், அன்சைலோஸ்டோமா டியோடெனேல் ஆகிய இரண்டும் மனிதரையே நம்பி வாழ்பவை. மூன்றாவது அன்சைலோஸ்டோமா சைலானிக்கம். இது நாய், பூனைகளிடமிருந்து மனிதருக்கும் தொற்றக்கூடியது. இலங்கையின் பழைய ஆங்கிலப் பெயரைத் தாங்கிய இவ்வினத்தை 1911ஆம் ஆண்டில் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் விவரித்தார்.

வளர்ந்த புழுவின் நீளம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான். தடிமனோ தையல் நூலளவு. ஆனால் அதன் வாய் அச்சமூட்டுவது. டியோடெனேல் இனத்திற்குக் கூரிய பற்கள் உள்ளன. அமெரிக்கானஸ் இனத்திற்கு வெட்டும் தகடுகள் உள்ளன. இவற்றால் சிறுகுடலின் உட்சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தம் உறிஞ்சுகின்றன. இரத்தம் உறையாமலிருக்க ஒருவகைப் பொருளையும் சுரக்கின்றன. அதனால் புழு ஓரிடத்தை விட்டு வேறிடம் மாறிய பின்பும் பழைய காயத்திலிருந்து இரத்தம் கசிகிறது. புழு குடித்தது ஒரு பங்கு. கசிந்து வீணாவது மற்றொரு பங்கு.

மண்ணிலிருந்து குடலுக்கு

கொக்கிப்புழுவின் முட்டைகள் நோயாளியின் மலத்தோடு வெளியேறுகின்றன. டியோடெனேல் பெண்புழு ஒன்று நாளொன்றுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை இடும். கழிப்பறையில் விழுந்த முட்டையால் பிறருக்குத் தீங்கில்லை. நிழலும் ஈரமும் உள்ள வெறும் மண்ணில் விழுந்த முட்டையோ ஓரிரு நாளில் பொரிந்துவிடும். அதிலிருந்து வரும் இளம்புழு மண்ணிலேயே வளர்ந்து, ஐந்து முதல் பத்து நாள்களில் மனிதரின் தோலைத் துளைக்கும் ஆற்றலைப் பெறுகிறது. சூழல் ஏற்றதாக இருந்தால் மூன்று நான்கு வாரங்கள் வரை அங்கேயே காத்திருக்கும். நேரடி வெயிலும் வறட்சியும் இதற்கு எமன்.

வெறுங்காலோடு ஒருவர் அம்மண்ணில் நிற்கும்போது இளம்புழு தோல்வழி உள்ளே நுழைகிறது. பிறகு அது மேற்கொள்ளும் பயணம் வியப்புக்குரியது. இரத்தக் குழாய் வழியாக இதயத்தின் வலப்பக்கத்தை அடைகிறது. அங்கிருந்து நுரையீரலுக்குச் செல்கிறது. காற்றறைகளைத் துளைத்து வெளிவந்து, மூச்சுக்குழல் வழியாகத் தொண்டைவரை ஏறுகிறது. நாம் எச்சிலை விழுங்கும்போது அதனோடு இரைப்பைக்கும், பின் சிறுகுடலுக்கும் இறங்குகிறது. காலில் நுழைந்த புழு குடலில் வளர்ந்து முட்டையிடத் தொடங்க ஐந்து வாரமோ அதற்கு மேலுமோ ஆகும். அதன்பின் ஓரிரு ஆண்டுகள் உயிர்வாழும். அமெரிக்கானஸ் இனப்புழு சில சமயம் பல ஆண்டுகள் வாழ்வதும் உண்டு.

இந்தப் பாதையைக் கண்டறிந்த கதையும் சுவையானதே. 1838ஆம் ஆண்டு மிலான் நகரில் ஒரு பெண்ணின் உடலைக் கூறுபோட்டு ஆய்ந்தபோது ஆஞ்சலோ துபினி என்ற மருத்துவர் இப்புழுவைக் கண்டார். 1880ஆம் ஆண்டளவில் சுவிட்சர்லாந்தின் செயின்ட் கோத்தார்ட் மலைச்சுரங்கப் பாதையைத் தோண்டிய தொழிலாளர்கள் கடும் இரத்தச்சோகைக்கு ஆளானார்கள். அதற்குக் காரணம் கொக்கிப்புழுதான் என்பதை இத்தாலிய அறிஞர் பெரொன்சீத்தோ எடுத்துக்காட்டினார். வெப்பமும் ஈரமும் நிறைந்த, கழிப்பறை இல்லாத சுரங்கம் குளிர்நாட்டின் நடுவே ஒரு வெப்பமண்டலமாகிவிட்டது! ஆயினும் புழு உடலுக்குள் எப்படி நுழைகிறது என்பது புதிராகவே இருந்தது. எகிப்தின் கெய்ரோவில் பணியாற்றிய, மேலே குறிப்பிட்ட ஆர்தர் லூஸின் கையில் இளம்புழுக்கள் கலந்த நீர் தற்செயலாகச் சிந்தியது. அந்த இடம் சிவந்து அரித்தது. சில வாரங்கள் கழித்து அவருடைய மலத்திலேயே முட்டைகள் தென்பட்டன. 1898ஆம் ஆண்டில் அவர் அதனை வெளியிட்டபோது பலர் நம்ப மறுத்தனர். பின்னர் உலகமே ஏற்றுக்கொண்டது.

இங்கு ஒன்றை மனத்தில் இருத்த வேண்டும். கொக்கிப்புழு நம் உடலுக்குள் பெருகுவதில்லை. ஒருவரின் குடலில் நூறு புழுக்கள் இருந்தால், நூறு புழுக்களும் மண்ணிலிருந்து தனித்தனியே வந்தவை. ஆகவே ஒருவர் சுமக்கும் புழுக்களின் எண்ணிக்கை, அவர் நின்ற மண் எவ்வளவு மாசடைந்தது என்பதற்கு ஒரு கணக்கேடு.

உடலுக்கு நேரும் கேடுகள்

முதற்கேடு தோலில். புழு நுழைந்த இடத்தில், பெரும்பாலும் கால்விரல் இடுக்குகளில், கடுமையான அரிப்பும் சிறு கொப்புளங்களும் தோன்றும். இதனைச் சேற்றுப்புண் என்று கருதி விட்டுவிடுவோர் பலர். சேற்றுப்புண் பெரும்பாலும் பூஞ்சையால் வருவது, இது வேறு.

அடுத்து நுரையீரல். ஏராளமான புழுக்கள் ஒரே சமயத்தில் நுரையீரலைக் கடக்கும்போது வறட்டு இருமலும் இளைப்பும் வரலாம். பிறகு குடல். மேல்வயிற்று வலி, குமட்டல், பசியின்மை, வயிற்றுப்போக்கு ஆகியவை தலைகாட்டலாம். இவையெல்லாம் வந்து போகும் தொல்லைகளே. உயிரை மெல்ல அரிப்பது இரத்த இழப்புதான்.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். ஓர் அமெரிக்கானஸ் புழுவால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 0.03 மில்லிலிட்டர் இரத்தம் இழக்கப்படுகிறது. டியோடெனேல் புழுவாக இருந்தால் அதனைப்போல் ஐந்து மடங்கு அல்லது அதற்கும் மேல். நூறு அமெரிக்கானஸ் புழுக்கள் இருந்தால் நாளொன்றுக்கு 3 மில்லிலிட்டர். ஒரு தேக்கரண்டி கூட இல்லை. ஆனால் மாதத்திற்கு 90 மில்லிலிட்டர் ஆகிறது.

நலமான ஒருவரின் ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் அரை மில்லிகிராம் அளவு இரும்புச்சத்து உள்ளது. 3 மில்லிலிட்டருக்கு 1.5 மில்லிகிராம். சாதாரண உணவிலிருந்து நம் உடல் நாள்தோறும் ஈர்த்துக்கொள்வது ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம்தான். குடலில் கசிந்த இரும்பில் ஒரு பகுதியைக் குடலே மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும் என்றாலும், எஞ்சியது கைவிட்டுப் போகிறது. நாளொன்றுக்கு ஒரு மில்லிகிராம் மட்டுமே கூடுதலாகப் போவதாக வைத்துக்கொள்வோம். பெண்ணொருத்தியின் உடலில் இரும்புச் சேமிப்பு ஏறக்குறைய 300 மில்லிகிராம் என்றால், ஓராண்டு முடியும் முன்னரே சேமிப்பு காலி. ஆணின் சேமிப்பு அதிகம் என்பதால் சற்றுக் கூடுதல் காலம் தாக்குப்பிடிப்பான்.

இதனால்தான் இந்நோய் ஒருநாள் திடீரென்று வெளிப்படுவதில்லை. சேமிப்பு கரைந்துகொண்டே போகும். உடல் அதற்கேற்பத் தன்னைப் பழக்கிக்கொள்ளும். ஈமோகுளோபின் மெல்ல மெல்ல இறங்கும். தோலும் கண்ணிமையின் உட்புறமும் வெளுக்கும். இதயம் படபடக்கும். நகங்கள் கரண்டி போல் குழியும். சிலருக்கு மண், சாம்பல், பச்சரிசி போன்றவற்றைத் தின்னும் ஆசை எழும். நம் சித்த மருத்துவத்தில் உடல் வெளுப்பைப் ‘பாண்டு’ என்று அழைப்பார்கள். கடும் நிலையில் இரத்தத்திலுள்ள புரதமும் குறைவதால் முகமும் காலும் வீங்கும். வீங்கிய முகத்தைப் பார்த்து ‘சதை போட்டிருக்கிறாய்’ என்று சொல்வோரும் உண்டு. இறுதியில் இதயமே தளர்ந்துபோகும் ஆபத்தும் இருக்கிறது.

அதேவேளையில் ஒன்றையும் மறைக்கக் கூடாது. புழு இருக்கும் எல்லாருக்கும் இரத்தச்சோகை வருவதில்லை. புழுக்களின் எண்ணிக்கை, உண்ணும் உணவு, உடலின் இரும்புச் சேமிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தே அதனை முடிவு செய்கின்றன. நன்றாக உண்பவர் இருபது புழுக்களோடு ஒன்றும் அறியாமல் வாழலாம். அரைவயிறு உண்பவருக்கு அறுபது புழுக்களே பெருஞ்சுமையாகலாம். ஏழையை நாடி வந்து, ஏழையை மேலும் ஏழையாக்குவது இந்நோயின் இயல்பு.

தாயும் சேயும் மாணவரும்

இரத்த இழப்பைத் தாங்கும் வலிமை குறைந்தவர்கள் கருவுற்ற தாய்மாரும் சிறுவர்களும் ஆவர். மாதவிலக்கால் ஏற்கெனவே இரும்பை இழக்கும் பெண், கருவுற்றதும் குழந்தைக்கும் பங்கு தர வேண்டியிருக்கிறது. அந்த நிலையில் கொக்கிப்புழுவும் பங்கு கேட்டால் கடும் இரத்தச்சோகை உண்டாகும். குழந்தை எடை குறைந்து பிறக்கலாம். பிரசவத்தின்போது ஏற்படும் இரத்தப்போக்கைத் தாயின் உடல் தாங்காமல் போகலாம். எனவேதான் கொக்கிப்புழுவும் இரத்தச்சோகையும் மிகுந்த பகுதிகளில், முதல் மூன்று மாதங்கள் கடந்த கர்ப்பிணிகளுக்குப் புழுநீக்கும் மாத்திரை தரலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.

சிறுவர்களின் வளர்ச்சி குன்றுகிறது, கவனம் சிதறுகிறது. அமெரிக்காவின் தென்மாநிலங்கள் இதற்கு ஒரு சான்று. அங்கு சார்ல்ஸ் ஸ்டைல்ஸ் என்ற விலங்கியலாளர் இந்நோய் பரவியிருப்பதை 1902ஆம் ஆண்டில் எடுத்துரைத்தபோது, செய்தித்தாள்கள் அதனைச் ‘சோம்பல் கிருமி’ என்று கேலியாக எழுதின. 1909ஆம் ஆண்டில் ராக்கஃபெல்லர் பத்து இலட்சம் டாலர் வழங்கி ஒரு சுகாதார ஆணையத்தை அமைத்தார். அது 1914 வரை செயற்பட்டது. ஆய்வு செய்யப்பட்ட பகுதிகளில் பள்ளிப் பிள்ளைகளில் ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது பேரிடம் புழு இருந்தது. அந்த ஆவணங்களை ஆராய்ந்து பொருளியலாளர் ஹோய்ட் பிளேக்லி 2007ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். புழு மிகுந்திருந்த வட்டாரங்களில், சிகிச்சைக்குப் பிறகு பள்ளிச் சேர்க்கையும் வருகையும் எழுத்தறிவும் மற்ற வட்டாரங்களைவிட அதிகமாக உயர்ந்தன என்பது அவரது முடிவு. மாத்திரை மட்டும் தந்தால் எல்லா நாடுகளிலும் இத்தகைய பயன் கிட்டுமா என்பதில் ஆய்வாளரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் சோம்பல் என்று ஏசப்பட்ட பிள்ளைகளில் பலர் இரத்தம் இழந்த பிள்ளைகள் என்பதில் ஐயமில்லை.

தோட்டப்புறத்தில் கொக்கிப்புழு

இனி நம் கதைக்கு வருவோம். மலாயாவின் இரப்பர்த் தோட்டம் கொக்கிப்புழுவுக்கென்றே அமைத்தது போன்ற இடம். ஆண்டு முழுவதும் மழை. பால்மரங்களின் நிழலில் காயாத மண். விடியும் முன்னரே வெறுங்காலோடு மரம் வெட்டச் செல்லும் ஆண்களும் பெண்களும். தொடக்க காலத்து லயன் வீடுகளுக்குப் போதிய கழிப்பறை இல்லாததால் மரங்களின் மறைவே கழிப்பிடம். இன்று ஒதுங்கிய இடத்தில் மறுவாரம் பால்வாளியோடு நிற்க நேரும். முட்டையும் பாதமும் சந்திக்க இதைவிட வேறென்ன வேண்டும்?

தமிழகத்திலிருந்து கப்பலேறியவர்களில் பலர் இப்புழுவை முன்பே சுமந்து வந்தவர்கள்தாம். ஆனால் ஒரே லயத்தில் நெருங்கி வாழ்ந்து, ஒரே மண்ணில் நாள்தோறும் உழைத்தபோது சுமை கூடியது. அதனோடு மலேரியாவும் சேர்ந்துகொண்டது. இரண்டுமே இரத்தத்தைக் கெடுப்பவை. 1915 முதல் 1917 வரை, ராக்கஃபெல்லர் அறநிறுவனம் அனுப்பிய ஆய்வுக்குழு ஒன்று மலாயா, ஜாவா, பிஜி ஆகிய இடங்களில் பணியாற்றியது. அதன் தலைவர் சாமுவேல் டார்லிங், பனாமா கால்வாய்ப் பணியில் பெயர் பெற்ற மருத்துவர். மருந்து கொடுத்து, வெளியேறிய புழுக்களை எண்ணி, இரத்தத்தின் தரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தனர். அறிக்கை 1920ஆம் ஆண்டில் வெளியானது. அதன் தலைப்பிலேயே கொக்கிப்புழுவும் மலேரியாவும் இணைந்திருப்பது கவனத்திற்குரியது. மலாயாவிலும் பிஜியிலும் தோட்டங்களில் உழைத்தவர்களுள் தமிழர்கள் இருந்தார்கள் என்பதை நாம் அறிவோம். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலும் 1916ஆம் ஆண்டு முதல் இதே நிறுவனம் கொக்கிப்புழு ஒழிப்பில் ஈடுபட்டது. மருந்து கொடுக்க ஒப்புக்கொண்ட தோட்ட முதலாளிகள், கழிப்பறை கட்டும் செலவுக்குத் தயங்கினார்கள் என்று வரலாறு சொல்கிறது. மருந்து குடித்தவர் மீண்டும் அதே மண்ணில் நின்றார். மீண்டும் புழுவைப் பெற்றார்.

அக்கால மருந்துகளும் எளியவை அல்ல. தைமால் என்ற மருந்தைப் பேதி உப்போடு கொடுத்தார்கள். அதனோடு எண்ணெய்ப் பண்டமோ கள்ளோ உட்கொண்டால் மருந்து இரத்தத்தில் கலந்து நஞ்சாகிவிடும். பின்னர் செனோபோடியம் எண்ணெயும், 1920களில் கார்பன் டெட்ராகுளோரைடும் வந்தன. அவையும் அளவு மீறினால் ஆளையே கொல்லக்கூடியவை. தோட்டத்து முதியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ‘பூச்சி மருந்து’ என்றதும் முகம் சுளிப்பார்கள். பள்ளி விடுமுறையில் மூக்கைப் பிடித்து ஊற்றப்பட்ட விளக்கெண்ணெயையும் நினைவுகூர்வார்கள். விளக்கெண்ணெய் வயிற்றைக் கழுவுமே தவிர, குடற்சுவரைக் கவ்வியிருக்கும் கொக்கிப்புழுவை அசைக்காது.

பேராசிரியர் சையத் உசேன் அலத்தாஸ் 1977ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில், காலனித்துவ ஆட்சியாளர்கள் இவ்வட்டார மக்கள்மீது சுமத்திய ‘சோம்பேறி’ என்ற பட்டத்தைக் கட்டுடைத்தார். அவர் கூறிய காரணங்கள் அரசியலும் பொருளியலும் சார்ந்தவை. கொக்கிப்புழுவின் வரலாற்றைப் படிக்கும்போது அதனோடு இன்னொரு கேள்வியையும் நாம் சேர்த்துக் கேட்கலாம். இரத்தத்தில் பாதி போன நிலையிலும் நாள் தவறாமல் மரம் வெட்டியவர்களின் உழைப்பை எந்த அளவுகோலால் அளப்பது?

இன்று யாருக்கு?

கழிப்பறையும் குழாய்நீரும் சிலிப்பரும் வந்தபின் இந்நோய் நம் வீடுகளை விட்டு விலகியது. மலேசியப் பள்ளிகளில் 1970களில் தொடங்கிய புழுநீக்கத் திட்டம், நோய் குறைந்ததால் 1983ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. ஆனால் நம்மை விட்டுப் போனது நாட்டை விட்டே போய்விட்டது என்று எண்ணுவது தவறு.

பூர்வகுடிச் சிற்றூர்களில் குடற்புழுக்கள் இன்னும் நீடிக்கின்றன. தீபகற்ப மலேசியாவின் பூர்வகுடி மாணவர்களிடம் நடத்தப்பட்டு 2008ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், புழுநீக்கிய மூன்று மாதங்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கும், ஆறு மாதங்களில் ஐந்தில் நால்வருக்கும் குடற்புழுக்களில் ஏதேனும் ஒன்று மீண்டும் தொற்றியிருந்தது. 2012ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு, கிராமப்புறங்களில் கொக்கிப்புழு கண்டவர்களில் ஏறக்குறைய கால்பங்கினரிடம் இருந்தது நாய், பூனைகளிடமிருந்து வரும் சைலானிக்கம் இனம் என்று காட்டியது. 2016ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று இங்கு வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்களைப் பற்றியது. அதில் நூற்றுக்குப் பதின்மூன்று பேரளவில் கொக்கிப்புழு இருந்தது. கட்டுமானத் தளத்திலும் செம்பனைத் தோட்டத்திலும் இன்று அவர்கள் நிற்கும் இடம், நேற்று நம் முன்னோர் நின்ற இடம் அல்லவா?

தமிழகத்திலும் இதற்கெதிரான முயற்சி தொடர்கிறது. இந்தியா 2015ஆம் ஆண்டு முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளைக் கடைப்பிடித்துப் பிள்ளைகளுக்கு மாத்திரை வழங்கி வருகிறது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் திமிரி, சவ்வாது மலைப் பகுதிகளில் சிறுவர் முதல் பெரியவர் வரை எல்லாருக்கும் ஆண்டுக்கு இருமுறை மாத்திரை கொடுத்து, நோய்ப்பரவலையே அறுக்க முடியுமா என்று பெரியதோர் ஆய்வு நடத்தினர். பெரியவர்களையும் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. உருளைப்புழு பெரும்பாலும் பிள்ளைகளிடம் மிகுதி. கொக்கிப்புழுவோ வயது ஏற ஏறக் கூடி, பெரியவர்களிடமும் தங்கிவிடுவது. பள்ளியில் மட்டும் மாத்திரை கொடுத்தால் வீட்டில் இருக்கும் தாயும் வயலில் இருக்கும் தந்தையும் விடுபட்டுப் போவார்கள்.

கண்டறிதலும் மருத்துவமும்

மலத்தை நுண்ணோக்கியில் பார்த்து முட்டைகளைக் கண்டறிவதே வழக்கமான முறை. ஒரு கிராம் மலத்தில் 2,000க்குக் குறைவான முட்டைகள் இருந்தால் இலேசான தொற்று என்றும், 4,000 அல்லது அதற்கு மேல் இருந்தால் கடுமையான தொற்று என்றும் வகைப்படுத்துவார்கள். கேட்டோ-காட்ஸ் முறையில் தயாரித்த கண்ணாடித் தகட்டில் கொக்கிப்புழு முட்டை விரைவில் மறைந்துவிடும். ஆகவே ஒரு மணி நேரத்திற்குள் பார்த்துவிட வேண்டும். தாமதித்தால் ‘புழு இல்லை’ என்ற பொய்யான முடிவே கிட்டும்.

சிகிச்சை இன்று மிக எளிது. 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் மாத்திரை ஒன்றே ஒருவேளை போதும், பெரும்பாலோர் குணமடைவர். ஒருவேளை தரும் மெபெண்டசோல் கொக்கிப்புழுவுக்கு அந்த அளவு பலன் தருவதில்லை. ஆனால் புழு வெளியேறிவிட்டதால் மட்டும் இழந்த இரும்பு திரும்பி வராது. இரத்தச்சோகை உள்ளவர்கள் மருத்துவர் சொல்லும் காலம்வரை இரும்புச்சத்து மாத்திரையை உட்கொள்ள வேண்டும். உணவு உண்டவுடன் தேநீர் அருந்தினால் இரும்பு உடலில் சேர்வது குறையும் என்பதையும் நினைவிற் கொள்க.

சோர்வும் வெளுப்பும் உள்ள அனைவருக்கும் கொக்கிப்புழுதான் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். மாதவிலக்கு மிகுதி, சத்துக்குறைவான உணவு, பரம்பரையாக வரும் தலசீமியா எனப் பல காரணங்கள் உண்டு. முதலில் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு மருத்துவரைக் காண்பதே அறிவுடைமை.

தடுக்கும் வழிகள்

காலணி அணிவது முதல் அரண். ஆனால் அது மட்டும் போதாது. மண்ணைத் தொடும் கை வழியாகவும் இளம்புழு நுழையும். டியோடெனேல், சைலானிக்கம் இனங்கள் கழுவாத கீரை, கை ஆகியவற்றின் மூலம் வாய்வழியாகவும் வரக்கூடியவை. தோட்ட வேலைக்குக் கையுறை, உணவுக்கு முன் கை கழுவுதல், வீட்டு நாய் பூனைகளுக்குக் காலந்தோறும் புழுமருந்து ஆகியவை தேவை. கடற்கரை மணலில் வெறுங்காலோடு நடக்கும்போது நாய், பூனைகளின் வேறுவகைக் கொக்கிப்புழு தோலுக்குள் புகுந்து, கோடு கோடாக ஊர்ந்து அரிப்பைத் தருவதும் உண்டு. அது குடலுக்குச் செல்லாது என்றாலும் தொல்லை பெரிது.

இவற்றுக்கெல்லாம் மேலானது கழிப்பறை. மலம் மண்ணில் விழாவிட்டால் முட்டை பொரிக்க இடமில்லை. மனிதக் கொக்கிப்புழுவின் கதை அங்கேயே முடிந்துவிடும். நூறாண்டுக்கு முன் தோட்டங்களில் கற்ற பாடமும், இன்று பூர்வகுடிச் சிற்றூர்களில் காணும் பாடமும் ஒன்றே: மாத்திரை புழுவை வெளியேற்றும், கழிப்பறைதான் அது திரும்பி வராமல் தடுக்கும்.

முடிவாக

நம் கழகத் தோழர்கள் ஆண்டுதோறும் சமூகப் பணிக்காக உட்புறப் பகுதிகளுக்குச் செல்கிறார்கள். புத்தகமும் உணவுப்பொருளும் எடுத்துச் செல்வது நல்லதே. அங்கு பயன்படும் நிலையில் கழிப்பறை இருக்கிறதா, பிள்ளைகளின் காலில் செருப்பு இருக்கிறதா, சுகாதாரப் பணியாளர் கடைசியாக எப்போது வந்தார் என்பவற்றையும் கேட்டறிந்து வாருங்கள். இல்லை என்ற விடை கிடைத்தால், மாவட்டச் சுகாதார அலுவலகத்திற்கு ஒரு கடிதம் எழுதுவது பல்கலைக்கழக மாணவருக்குக் கடினமான செயல் அன்று.

இன்னொன்றும் செய்யலாம். வீட்டில் தோட்டத்து வாழ்வை அறிந்த தாத்தாவோ பாட்டியோ இருந்தால், லயன் வீட்டுக் கழிப்பிடம் எங்கே இருந்தது, தோட்டத்து டிரசர் எந்த மருந்தைக் கொடுத்தார், யார் யார் வெளுத்து வீங்கினார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். ஆய்வுக்குழுக்களின் அறிக்கைகளில் புழுக்களின் எண்ணிக்கை இருக்கிறது. அந்தப் புழுக்களைச் சுமந்தவர்களின் பெயர்களும் வாய்மொழியும் நம் வீடுகளில்தான் இருக்கின்றன. அவற்றைக் கேட்க வேண்டிய காலம் குறுகிக்கொண்டே வருகிறது.